அரைப்பேர்

கந்தப்பளை
2024 செப்டம்பர் 8, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. உங்கள் சுகத்துக்கு இரண்டு பேரும் கும்பிட்டுக்கொள்கிறோம்.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று கொழும்பில் உங்களோடு கடையில் நிற்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள் என அம்மாவிடம் குறைப்பட்டீர்களாம். காரணம் உங்களுக்கே தெரியும். போன் மணி அடித்தால் என் தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்துகிறார்கள். மெசேஜ் போடலாமே என்பீர்கள். மெசேஜ் போட்டால் நீங்கள் உடனே கூப்பிடுகிறீர்கள். கடிதம் போட்டால் கூப்பிடுவதில்லை. அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஒரு கூத்து நடந்தது. வாசிகசாலையில் இலவசத் தையல் வகுப்பு என்று அம்மா கேள்விப்பட்டு வந்தார். துணி, ஊசி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் பையில் போட்டு என்னைத் துரத்தினார். தையலுக்கு வாய் திறக்க வேண்டாமே என்று நானும் போனேன். அங்கே மெஷினையே காணோம். பத்துப் பேர் வட்டமாக நின்று, இல்லாத பந்து ஒன்றை ஒருவருக்கொருவர் எறிந்துகொண்டிருந்தார்கள்.

தையல் வகுப்பு சனிக்கிழமையாம். இது நாடக விளையாட்டாம். நாலு பேர் முன்னால் பேசப் பயப்படுகிறவர்களுக்காக நுவரெலியாவிலிருந்து பிரேமினி என்று ஒரு டீச்சர் வந்து நடத்துகிறார். மனப்பாடம் செய்ய வசனம் கிடையாது. அந்த நேரத்தில் வாயில் வருவதுதான் நாடகம். நான் அப்படியே திரும்பி வர இருந்தேன். அதற்குள் பந்து என் பக்கம் வந்துவிட்டது. இல்லாத பந்துதான், ஆனாலும் கீழே விட மனம் வரவில்லை.

பந்தைப் பிடித்தவர் தன் பெயரைச் சொல்ல வேண்டுமாம். எனக்கு "சர்மி" வரைக்கும் வந்தது. மிச்சம் வரவில்லை. பத்துப் பேரும் என் வாயையே பார்த்தார்கள். நம் தோட்டத்து மேல் டிவிஷனில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிற பொன்னையா மாமா அங்கே இருந்தார். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் திக்குவாரே, அவர்தான். "இவளுக்கு அ... அரைப்பேர் போடுங்க டீச்சர்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டீச்சருக்கு மட்டும் விளங்கவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்போம், கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும் என்று யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். அவரும் சிரித்தார்.

என்னை வைத்துத்தான் சிரித்தார்கள். ஆனாலும் அண்ணா, எனக்குச் செத்துவிடலாம் போல இருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அடுத்த ஞாயிறும் போகலாமா என்று நினைக்கிறேன். கத்தரிக்கோல் இல்லாமல்.

உங்கள் அன்புத் தங்கை,
சர்மி


கொழும்பு, வெள்ளவத்தை
2024 செப்டம்பர் 21

என் செல்லத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. கத்தரிக்கோலோடு நாடகத்துக்குப் போன முதல் ஆள் நீதான். கடையில் வாசித்துக் காட்டினேன், முதலாளி உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோபிக்காதே.

போ, விளையாடு. பொழுது போகும். ஆனால் அதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உனக்குப் பேச்சு எதற்கு? பேசுவதற்குத்தான் கடவுள் என்னைப் படைத்திருக்கிறார். கூட்டுறவுக் கடையில் சீனி வாங்கியது யார், ஆஸ்பத்திரியில் உனக்கு எங்கே வலிக்கிறது என்று சொன்னது யார்? எனக்கு உன் பல்வலி என் பல்லிலேயே தெரியும். இங்கே நான் ஒரு நாளைக்கு நானூறு தரம் "வாங்க மேடம், உள்ள வந்து பாருங்க" என்கிறேன். அதில் உன் பங்கும் சேர்த்திதான்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அம்மா வயது முடிந்து வேலையை விட்டபோது நீ பேர் பதிந்ததால்தான் தோட்டத்து லயத்தில் நாம் குடியிருக்கிற காம்பரா நம் கையில் இருக்கிறது. வீட்டில் ஒருத்தர் பேராவது தோட்டத்து வேலைப் பதிவில், அந்தச் செக்ரோலில், இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இன்னும் இரண்டு வருஷம் பொறு. நான் வந்துவிடுவேன். அதுவரை ஒழுங்காகக் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போ. தேயிலைச் செடி உன்னிடம் பதில் கேட்காது, உனக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

அம்மாவுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடு காட்டித் தேய்க்கச் சொல்.

என்றும் உன் அண்ணன்,
வினோஜன்


கந்தப்பளை
2024 அக்டோபர் 20, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

தைலம் கிடைத்தது. அம்மா அதை முழங்காலுக்குத் தேய்ப்பதைவிட வருகிறவர்களுக்குக் காட்டுவதுதான் அதிகம். இங்கே பத்து நாளாக விடாத மழை. லயத்துக் கூரை நம் பக்கம் மூன்று இடத்தில் ஒழுகுகிறது, பக்கத்துக் காம்பராவில் ஐந்து இடம். அதனால் நாம் வசதியானவர்கள்.

இரண்டு வருஷம் என்று எழுதியிருந்தீர்கள். நாலு வருஷத்துக்கு முன்னாலும் இரண்டு வருஷம் என்றுதான் சொன்னீர்கள். குறை சொல்லவில்லை, எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

வகுப்பில் இப்போது ஒரு புது விளையாட்டு. ஒருவர் என்ன சொன்னாலும் அடுத்தவர் இல்லை என்று சொல்லக் கூடாது. முதலில் "ஆமா" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். பிறகு "அதோட" என்று சொல்லித் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பொன்னையா மாமா ஆரம்பித்தார்: "நம்ம லயத்துக்கு லி... லிஃப்ட் போடுறாங்களாம்." என் முறை. ஆமா என்றேன். அது எனக்கு நன்றாக வந்தது. அதோட என்ற பிறகு ஒன்றுமே இல்லை. தொண்டைக் கதவு சாத்திக்கொண்டது. டீச்சர் காத்திருந்தார், ஒருவரும் எனக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. எனக்காக யாரும் பேசாமல் நின்றது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். கடைசியில், "ஆமா, அதோட நமக்கு மேல்மாடி இல்லாததால கீழதான் போகுமாம்" என்றேன். எல்லோரும் சிரித்த சிரிப்பில் வாசிகசாலை பெஞ்சு ஒன்று கால் முறிந்தது. பொய்யில்லை.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆமா எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆமாங்கய்யா, சரிங்கய்யா என்று இந்த மலையில் பிறக்கும்போதே சொல்லிக்கொண்டு பிறக்கிறோம். அந்த அதோடதான் இல்லை.

இன்னொரு சங்கதி. டீச்சர் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ராகலை முன்பள்ளியில டீச்சர் வேலைக்கு விண்ணப்பிச்ச சர்மிளா நீங்கதானா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "கிடைச்சும் வேணாம்னு சொல்லிட்டீங்களாமே, அங்க இருக்கிறவங்க சொல்லி வருத்தப்பட்டாங்க" என்றார். அண்ணா, எனக்கு அது கிடைக்கவே இல்லை என்றல்லவா நான் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பத்தில் உங்கள் போன் நம்பரைத்தான் எழுதினோம். அங்கிருந்து யாராவது உங்களைக் கூப்பிட்டார்களா? நினைவு இருந்தால் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
சர்மி


கொழும்பு, வெள்ளவத்தை
2024 நவம்பர் 6

அன்புத் தங்கச்சிக்கு,

தீபாவளிக்கு வர முடியாமல் போனதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடையில் சனம் சனமாக வந்தால் எங்களுக்கு ஏது பண்டிகை? உனக்கு அனுப்பிய சுரிதார் சரியாக இருக்கிறதா? அந்த மயில் நிறம் நான் பார்த்து எடுத்தது. உனக்கு எது பொருந்தும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

முன்பள்ளி எல்லாம் பழைய கதை. அதை ஏன் இப்போது கிண்டுகிறாய்? எத்தனையோ பேர் எத்தனையோ போன் பண்ணுகிறார்கள். நீயே யோசித்துப் பார். இருபது பிள்ளைகள், அவர்களுடைய தாய்மார், மாதம் ஒரு கூட்டம், மேடை, மைக். அங்கே போய் நீ ஊமையாக நின்றால் ஊர் என்ன பேசும்? உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பரிசளிப்பு விழாவில் நீ பேச்சை மறந்து மேடையில் மரமாக நின்றாயே. கீழே ஒருத்தன் ஊளையிட்டான். நான் ஓடி ஏறி உன் பேச்சை முழுதாக ஒப்பித்தேன். அன்றைக்கு உன் கை எப்படி நடுங்கியது என்று எனக்குத்தான் தெரியும். அதை மறுபடியும் பார்க்க என்னால் முடியாது.

அம்மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே.

உன் அண்ணன்,
வினோஜன்


கந்தப்பளை
2024 நவம்பர் 24, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுரிதார் அழகாக இருக்கிறது. தோள் கொஞ்சம் இறுக்கம். நாலு வருஷமாகக் கூடை சுமந்த தோள், உங்கள் கண்ணுக்குள் இருக்கிற தங்கையின் தோள் இல்லை.

முன்பள்ளியிலிருந்து கூப்பிட்டார்களா என்று கேட்டிருந்தேன். நீங்கள் மயில் நிறத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

பரிசளிப்பு விழாவை நான் மறக்கவில்லை. அண்ணா, எனக்குப் பேச்சு மறக்கவில்லை. தொண்டை அடைத்தது, ஆமா. கை நடுங்கியது, ஆமா. ஒருத்தன் ஊளையிட்டான், அதுவும் ஆமா. அதோட இன்னொன்றும் நடந்தது. நான் மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன். முதல் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் நீங்கள் மேடையில் ஏறினீர்கள். நீங்கள் பேசி முடித்ததும் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நல்ல அண்ணன் என்றார் பள்ளிக்கூட அதிபர். நானும் கை தட்டினேன். அன்றைக்கு விழுங்கிய அந்தச் சொல் இன்னும் உள்ளேதான் கிடக்கிறது.

உங்களிடம் இதைச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். காலையில் பெரட்டு, பிறகு மலை, பிறகு கொழுந்து நிறுவை, பிறகு இந்தக் காம்பரா. பெரட்டில் பேர் கூப்பிட்டால் நான் கையைத் தூக்குவேன். கணக்கப்பிள்ளை நிமிர்ந்தே பார்க்க மாட்டார், இவள் பேச மாட்டாள் என்று அவருக்குப் பழகிவிட்டது. அம்மாவுக்குப் பழகிவிட்டது. உங்களுக்கும். பேசாதவளுக்கு இதுதான் சரியான இடம் என்கிறார்கள். என் கூச்சம் எனக்கு மட்டும்தான் நோய், மற்ற எல்லோருக்கும் அது ஒரு வசதி. சில நாள் காலையில் கதவைத் திறந்ததும் பனி மூடி எதிர் மலையே தெரியாது. எனக்கு மூச்சு முட்டும். தெரிந்தாலும் அது தேயிலை மலைதானே என்று திரும்பி உள்ளே போவேன், கூடையை எடுக்க.

ராகலையில் அந்த இடம் மறுபடியும் காலியாகிறது. இந்த முறை என் நம்பரைக் கொடுத்து விண்ணப்பித்தேன். புதன்கிழமை மணி அடித்தது. யாரோ உங்களுக்குப் பந்து எறிகிறார்கள் என்று நினையுங்கள், பிடியுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பிடித்தேன். ஹலோ வரவில்லை, "ஆமா" என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை. அவர் சிரித்துவிட்டார், எனக்கும் சிரிப்பு வந்தது, அதில் கதவு திறந்துகொண்டது. டிசம்பர் பத்தாம் தேதி நேர்முகம்.

கிடைத்தால் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பெரட்டுக்குப் போக முடியாது. செக்ரோலில் என் பேரை வெட்டச் சொல்ல வேண்டும், அதை ஆளே நேரில் சொல்ல வேண்டுமாம். நீங்கள் ஒன்று மட்டும் எழுதுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு வேண்டாம் என்று சொன்னது நீங்களா? ஆமா அல்லது இல்லை. ஒரு வரி போதும்.

சர்மி


கொழும்பு, வெள்ளவத்தை
2024 டிசம்பர் 3

தங்கச்சி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அன்றைக்கு முழுக்க நான் சாப்பிடவில்லை. இதை எல்லாம் அந்த டீச்சர்தானே சொல்லித் தருகிறாள்? விளையாடப் போனவள் அண்ணனை விசாரணை செய்கிறாய்.

பேரை வெட்டினால் காம்பராவைக் கேட்பார்கள். கேட்டால் அம்மாவை எங்கே வைப்பாய், உன் முன்பள்ளியிலா? இங்கே நான் எட்டுப் பேரோடு ஒரு அறையில் படுக்கிறேன். கால் நீட்டினால் அடுத்தவன் தலை. எனக்கென்று ஒரு கதவு இருக்கிறது, அது கந்தப்பளையில் இருக்கிறது என்று நினைத்துத்தான் காலையில் எழும்பிக் கடையைத் திறக்கிறேன். அதையும் உன் விளையாட்டில் வைத்துத் தோற்காதே.

நீ கவலைப்படாதே. கணக்கப்பிள்ளைக்குப் போன் போட்டு நான் பேசிவிட்டேன். அவள் ஏதாவது உளறினாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அவள் வேலையில்தான் நிற்பாள் என்று சொல்லிவிட்டேன். சரி தம்பி என்றார். நல்ல மனுஷன். இனி உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. நேர்முகத்துக்குப் போக வேண்டாம். போய் அழுதுகொண்டு வராதே, என்னால் தாங்க முடியாது.

உன் நன்மைக்கே எல்லாம்.

அண்ணன்


கந்தப்பளை
2025 ஜனவரி 26, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொங்கல் நல்லபடி முடிந்தது. உங்கள் பங்குக்கு அம்மா ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்து, பிறகு அவரே சாப்பிட்டார்.

உங்கள் கடிதம் வந்த பிறகு ஒரு வாரம் நான் ஒருவரோடும் பேசவில்லை. பழைய மாதிரி ஆகிவிட்டேன். வகுப்புக்கும் போகவில்லை. நான் இன்னும் கதவுக்குக் கையை நீட்டவே இல்லை, அதற்குள் கொழும்பில் இருந்துகொண்டே அதைப் பூட்டிவிட்டீர்கள். என்ன சொன்னாலும் உளறல் என்று முன்கூட்டியே சொல்லி வைத்த பிறகு நான் எந்த வாயால் பேசுவது? அழுதேன். அம்மாவுக்குத் தெரியாது, அடுப்புப் புகை என்று சொன்னேன்.

நேர்முகத்துக்கு மட்டும் போனேன். மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். முதல் கேள்விக்குப் பாதிப் பதில் சொன்னேன், இரண்டாவதற்கு அதுவும் இல்லை. போதும், பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் இருங்கள் என்று உள்ளே அனுப்பினார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் பாடிக்கொண்டிருந்தன, ஒரு பெண்பிள்ளை மட்டும் மேசைக்குக் கீழே. அது வந்த நாளில் இருந்து வாய் திறக்கவில்லையாம். நானும் மேசைக்குக் கீழே போனேன். அங்கே எனக்கு வசதியாக இருந்தது. இல்லாத பந்தை எறிந்தேன். நாலாவது தரம் பிடித்தாள். பேர் என்ன என்றேன். "கேஷி" என்றாள். மிச்சம் அவளுக்கும் வரவில்லை, அரைப்பேர் போட்டுக்கொண்டேன். நாங்கள் வெளியே வந்தபோது மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை கிடைத்துவிட்டது. நாளை முதல் போகிறேன்.

பெரட்டில் நடந்ததை உங்களுக்கு வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே எழுதுகிறேன். பொங்கலுக்கு இரண்டாம் நாள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார், பக்கத்தில் தோட்டத் துரைக்கு அடுத்த அதிகாரி, சின்னத் துரை, நின்றார். என் பேர் வந்தது. கையைத் தூக்கினேன். அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தார். "ஒங்கண்ணன் போன்ல சொன்னாரு, நீ வேலையிலயே நின்னுக்கிறியாமே. அப்படித்தானே?" என்றார். அறுபது பேர் நிற்கிறார்கள். முந்தின நாள் முழுக்க நான் மனப்பாடம் செய்து வைத்தது எல்லாம் போய்விட்டது. என் வாயில் இருந்து வந்தது என்ன தெரியுமா?

"ஆமாங்க."

அவ்வளவுதான். அவர் குனிந்து அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார். அடுத்தவள் கை தூக்கிவிட்டாள். எல்லாம் முடிந்துவிட்டது அண்ணா. நீங்கள் சொன்னது போலவே நான் மரமாக நின்றேன். நாக்கு மட்டும் பழக்கத்தில் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது.

"அதோட," என்றேன்.

கணக்கப்பிள்ளை நிறுத்தினார். பிறகு நானே எதிர்பார்க்காத சத்தம் வந்தது. "அதோட, அது அண்ணன் சொன்னது. நான் சொல்றது வேற. எம் பேர வெட்டிருங்க ஐயா. அதோட எங்கம்மா மீனம்மா இந்த மலையில இருவத்தெட்டு வருசம் கொழுந்து எடுத்திருக்காங்க. அவங்க அந்தக் காம்பராவுலதான் இருப்பாங்க." அதற்கு மேல் குரல் உடைந்துவிட்டது. பின்னால் கவ்வாத்துக் கத்தியோடு நின்ற பொன்னையா மாமா, "மு... முழுப்பேர்" என்றார். அவருக்கு அன்றைக்கு வேலை கொடுக்கவில்லை, அது வேறு கதை.

சின்னத் துரை, "எழுதிக் குடுங்க" என்றார். எழுதுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? நாலு பக்கம் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. காம்பராவைக் கேட்பார்களோ, விடுவார்களோ, தெரியாது. தினமும் தபால்காரர் வரும்போது வாசலுக்கு ஓடுகிறேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்றைக்கு லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தாராம். "யாரு அவ, காலங்காத்தால பெரட்டுல நின்னு கத்துறான்னுதான் நெனச்சேன்" என்றார். என் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. பிறகு, "சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டார்.

நீங்கள் இந்தப் பத்து நாளில் ஏழு தரம் கூப்பிட்டீர்கள். ஏழு தரமும் போன் என் கையில்தான் இருந்தது. முன்பெல்லாம் பயத்தில் எடுக்க மாட்டேன். இந்த முறை பயம் இல்லை. எடுக்கவில்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, பாசமும் போகவில்லை. உங்களுக்கு ஒரு கதவு வேண்டும் என்று எழுதியதை நூறு தரம் வாசித்துவிட்டேன். அது காம்பராவாக இருந்தாலும் வேறு எதுவாக இருந்தாலும் நான் திறந்து வைத்திருப்பேன். ஆனால் நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை. எங்கள் விளையாட்டில் ஒரே ஒரு விதிதான். முதலில் ஆமா சொல்ல வேண்டும். அது இல்லாமல் மற்றவர் எதையும் சேர்க்க முடியாது, ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

என்னைக் கூப்பிடாதீர்கள். ஒரு வரி எழுதுங்கள். ஆமா என்று தொடங்குங்கள். அதோட சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்மிளா